மூன்று மணி நேரத் தொலைவு

அக்கா,

என் போனில் ஒரு பக்கம் ஓராண்டாக மூடப்படாமல் கிடக்கிறது. இன்று காலை வேறு எதையோ தேடப் போக, அது மறுபடி கண்ணில் பட்டது. மேலே தில்லி, கீழே கோயம்புத்தூர் என்று இரண்டு புள்ளிகள், நடுவில் ஒரு நீலக் கோடு. தொலைவு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஏறக்குறைய மூன்று மணி என்று அதன் அடியில் போட்டிருக்கிறது. உன் கடைசி வாரத்தில் நான் திறந்து பார்த்த பக்கம் அது.

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு ஓடுதளத்தில் சக்கரம் தரையை விடுவதிலிருந்து இன்னொரு ஓடுதளத்தில் தரையைத் தொடுவது வரைக்கும்தான் அது கணக்குச் சொல்கிறது. மல்லசமுத்திரம் என்று ஓர் ஊர் இருப்பதோ, அங்கே நீ இருந்ததோ அதற்குத் தெரியாது. அந்த நீலக் கோட்டை என் வாசலிலிருந்து உன் வாசல் வரைக்கும் இழுத்து நீட்டிக்கொண்டவன் நான்தான். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு வருஷம்.

இந்த மாதிரிக் கணக்கில் ஏமாறுகிற வீடா உன் வீடு? ஒரு லாரியை மச்சான் ஓட்டினார், இன்னொன்றை உன் டிரைவர் குப்புசாமி அண்ணன் ஓட்டினார். நீ மல்லசமுத்திரத்தில் வீட்டுக்குள்ளே இரண்டு போன்களை வைத்துக்கொண்டு இரண்டு வண்டிகளையும் இந்தியா முழுக்க நகர்த்தினாய். சரக்கு எப்போது வரும் என்று தில்லியிலிருந்து பார்ட்டி கேட்டால், ஐந்து நாளில் ஓடிவிடும் என்று தெரிந்தாலும் ஏழு நாள் என்றுதான் சொல்லுவாய். செக்போஸ்ட்டில் நிற்பது, டயர் போவது, குடோன் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடப்பது எல்லாம் அந்த இரண்டு நாளுக்குள் இருக்கும். புதிதாக வந்த டிரைவர் யாராவது வாய் தவறிக் கிளம்பும் நேரத்தையும் ஓடும் நேரத்தையும் பார்ட்டியிடம் உளறிவிட்டால் உனக்குக் கெட்ட கோபம் வரும். "ஓடற நேரத்தச் சொல்லாதீங்க, எறக்கற நேரத்தச் சொல்லுங்க" என்பாய்.

நான் பம்ப் கம்பெனியின் விற்பனை வேலையில் தில்லிக்குப் போன புதிதில், முதல் தடவை விமானத்தில் வந்து இறங்கிய பெருமையில் தலைகால் புரியாமல் பேசினேன். மூன்றே மணி நேரம் என்றேன். நீ சோற்றைப் போட்டுக்கொண்டே, "அது ஆகாசத்துல சாமி. ஊட்டுல இருந்து ஊட்டுக்கு எத்தன மணி நேரம்?" என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. உன் லாரிப் புத்தியை விமானத்தில் கொண்டுவராதே என்று ஏதோ கடுப்பாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நீ அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதே இல்லை. அதோடு நிற்காமல், சொந்தக்காரர்களிடம் என் பேச்சையே பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தாய். தம்பி டில்லியில் இருக்கிறான், மூன்று மணி நேரம்தான், கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து பஸ் மாறிப் போகிறதைவிடப் பக்கம் என்று நீ சொன்னதைக் கல்யாண வீடுகளில் நானே கேட்டிருக்கிறேன்.

பக்கம்தானே என்று இருந்துவிட்டேன், அக்கா. அதுதான் நான் செய்த தப்பு. எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம் என்கிற ஊருக்கு எப்போதும் போகத் தோன்றவில்லை. குப்புசாமி அண்ணன் வருஷத்துக்கு நாலைந்து தடவை தில்லிக்கு லோடு ஏற்றி வருவார். வரும்போதெல்லாம் நீ கொடுத்துவிட்ட வறுத்த நிலக்கடலையும் நாட்டுச்சர்க்கரையும் என் வீட்டுக்கு வந்து சேரும். ஐந்து நாள் தொலைவில் இருந்த அவர் என்னை நாலு தடவை பார்த்தார். மூன்று மணி நேரத் தொலைவில் இருந்த நீ ஒரு தடவை பார்த்தால் அதிகம்.

உன் இதயம் பலவீனமாகிவிட்டது, இனி மருந்தும் ஓய்வும்தான் என்று சேலத்தில் டாக்டர் சொல்லி உன்னை வீட்டுக்கு அனுப்பியது கார்த்திகையில். உன் மகள் நந்தினி குழந்தையைக் கணவன் வீட்டில் விட்டுவிட்டு உன்னோடு வந்து தங்கினாள். எனக்குத் தினமும் போன் செய்து சொல்லுவாள். அவள் எதையும் கூட்டிச் சொல்கிற பெண் இல்லை. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடியவில்லை, மாமா, என்று அவள் சொன்னபோதே நான் கிளம்பியிருக்க வேண்டும்.

மார்கழியில் அந்தப் புதன்கிழமை நீயே கூப்பிட்டாய். மத்தியானம் மூன்று மணி தாண்டியிருக்கும். உன் குரல் மெல்லியதாக இருந்தாலும் தெளிவாக இருந்தது. சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, "எப்பச் சாமி வாரே?" என்றாய். எனக்கு வெள்ளிக்கிழமை ஒரு டெண்டர் இருந்தது. அதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் அந்தப் போன் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே வாய்ஜாலம் காட்டினேன். இப்போது கிளம்பினால்கூட மூன்று மணி நேரம், ஆறேகாலுக்கு உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பேன், அதற்குப் போய்க் கவலைப்படுவார்களா என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருப்பதைக் கடைசியில்தான், பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். நீ சரி சாமி என்று வைத்துவிட்டாய்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு நந்தினி கூப்பிட்டாள். அவள் அழவில்லை. "அம்மா போயிருச்சுங்க மாமா" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, அக்கா? ஏழரை மணி விமானத்தைப் பிடித்துவிடுவேன், மூன்று மணி நேரம்தான், மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்றேன். அந்த நேரத்திலும் அதையேதான் சொன்னேன்.

பிறந்த வீட்டுக் கோடி வராமல் உன்னை எடுக்க முடியாது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு உன் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்தன்தான். நான் சேலையோடு வந்து உன்மேல் போர்த்த வேண்டும். பொழுது இறங்குவதற்குள் எடுத்தாக வேண்டும். சனிக்கிழமை ஆயிற்றே, ராத்திரி வைத்திருக்கப் பெரியவர்கள் ஒப்பமாட்டார்கள். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. முந்தின வருஷம் உங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்ததைப் பற்றி நீதான் போனில் சொன்னாய். அந்த அம்மாவின் தம்பி பூனாவிலிருந்து வந்துசேர நேரமாகிவிட்டதாம். உன் வீட்டுக்காரரின் அண்ணன், நான் பெரிய மச்சான் என்று கூப்பிடுகிறவர், எத்தனை நேரம்தான் பார்ப்பது என்று முன்னால் நின்று எடுக்கச் சொல்லிவிட்டாராம். "பாவம், சேலையக் கையில வெச்சுக்கிட்டு ரோட்டுலயே நின்னான் சாமி" என்று நீ சொன்னாய். தில்லி விமான நிலையத்துக்குக் காரில் போகும்போது எனக்கு அந்த முகம் தெரியாத தம்பிதான் கண்முன்னால் நின்றான்.

கார் கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மார்கழிப் பனி. பதினோரு வருஷம் அந்த ஊரில் இருப்பவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் நந்தினியிடம் மணி சொன்னபோது நினைவில் இல்லை.

எட்டு மணிக்கு எங்களை ஏற்றி உட்கார வைத்தார்கள். விமானம் நகரவில்லை. பனி விலகினால்தான் கிளம்பலாம், வரிசையில் நமக்கு முன்னால் இன்னும் பல விமானங்கள் நிற்கின்றன என்று அறிவித்தார்கள். எட்டரைக்கு நந்தினி கூப்பிட்டாள். ஏறிவிட்டேன் என்றேன். ஏறியது உண்மைதான். அவளோ, அவளைச் சுற்றியிருக்கிறவர்களோ அதிலிருந்து மூன்று மணி நேரத்தை எண்ணத் தொடங்குவார்கள் என்று தெரிந்தேதான் சொன்னேன். ஒன்பதரைக்கு மறுபடி கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. பறந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று போனை அணைத்தேன். உன் மகளிடம் நான் சொன்ன முதல் பொய் அது, வாயைத் திறக்காமல் சொன்ன பொய்.

ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் தூங்கிவிட்டார். நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து. பத்தரை. பதினொன்று. பந்தலில் நாற்காலி போட்டிருப்பார்கள், பெரிய மச்சான் துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருப்பார், மச்சான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார் என்று எல்லாம் தெரிந்தது. எழுந்து போய்ப் பணிப்பெண்ணிடம், என் அக்கா இறந்துவிட்டாள், மாலைக்குள் போய்ச் சேரவேண்டும் என்று சொன்னேன். அவள் கையைக் கூப்பினாள். அவளால் வேறு என்ன செய்ய முடியும்? பதினொன்று நாற்பதுக்குச் சக்கரம் தரையை விட்டது. அங்கிருந்து அந்தப் பக்கத்தில் போட்டிருந்தபடியே, பிசகாமல், மூன்று மணி நேரம்.

கோயம்புத்தூரில் இறங்கிப் போனைத் திறந்தால் பெரிய மச்சான் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். அவரைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. நந்தினியைக் கூப்பிட்டேன். "பதறாம வாங்க மாமா. மெதுவாவே வாங்க" என்றாள். அந்தக் குரலில் ஒரு பதற்றமும் இல்லாததுதான் என்னைக் கொன்றது. எல்லாம் முடிந்துவிட்டது, இனி மெதுவாக வந்தால் என்ன, வேகமாக வந்தால் என்ன என்று சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். எடுத்துவிட்டார்களா என்று கேட்காமலே போனை வைத்தேன்.

வெளியே குப்புசாமி அண்ணன் யாரிடமோ காரை வாங்கி வந்து நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. மணி மூன்றேகால். அவிநாசி ரோட்டில் நெரிசல், அதைத் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறின பிறகும் முள் எழுபதைத் தாண்டவில்லை. எங்களைப் பஸ்கள் எல்லாம் முந்திப் போயின. விஜயமங்கலம் டோல்கேட்டில் நான் பொறுக்கமாட்டாமல், அண்ணா, கொஞ்சம் மிதியுங்கள், பொழுது போகிறது என்றேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா இதுக்கு மேல ஓட்ட உட்டதில்லீங்க" என்றார்.

அந்த ஒரு நிமிஷம் அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. நீ இல்லாமல் போன அன்றைக்கும் உன் சொல்லைத் தாண்டாதவர் அவர். விடியற்காலையிலிருந்து பொய்யும் புளுகுமாக வந்துகொண்டிருந்தவன் நான்.

பவானி தாண்டும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. சங்ககிரியில் கடைவீதி ஓரமாக நிறுத்தச் சொல்லி ஒரு ஜவுளிக்கடைக்குள் ஓடினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கோடிக்குங்களா என்று மட்டும் கேட்டார். பச்சை என்றேன். உனக்குப் பச்சை பிடிக்கும், எந்தப் பச்சை என்று தெரியாமல் நின்றேன். கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, கரை என்ன நிறம், ஒன்றுமே தெரியவில்லை. அவரே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் படி இறங்கும்போது, போயிட்டு வாங்க என்று அவர் சொல்லவில்லை. கோடி வாங்குகிறவர்களிடம் அதைச் சொல்லமாட்டார்கள்.

திருச்செங்கோடு தாண்டி உன் ஊருக்குள் நுழைந்தபோது மணி ஐந்தே முக்கால். உன் தெரு முனையில் பறைச் சத்தம் கேட்டது. ஊர்வலம் எதிரே வருகிறது என்று நினைத்துக் காரை நிறுத்தச் சொல்லி, சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஐம்பது வயதில் தெருவில் ஓடினேன், அக்கா.

நீ வீட்டு வாசலில்தான் இருந்தாய். பந்தலில் சனங்கள் நிதானமாக உட்கார்ந்திருந்தார்கள். பாடையை அப்போதுதான் கட்டி முடித்திருந்தார்கள். பெரிய மச்சான் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று நான் தலையைக் குனிந்து நின்றேன். "வாங்க மாப்ள. சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சேலையைப் பிரித்து உன்மேல் போர்த்தினேன். கரை கோணலாக விழுந்தது. நந்தினி அதை நீவிச் சரிசெய்தாள். பொழுது மறைவதற்குள் உன்னைத் தூக்கினோம்.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது நந்தினி என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். மத்தியானம் வருவதாகச் சொல்லி எல்லோரையும் காக்க வைத்துவிட்டேனே சாமி என்றேன். யாரும் மத்தியானத்துக்கு எதிர்பார்க்கவே இல்லை என்றாள். காலையில் என்னோடு பேசி வைத்ததுமே, மாமா பொழுது எறங்கத்தான் வருவார் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். பெரிய மச்சான் இரண்டு தடவை கூப்பிட்டது, என்னைக் கூட்டிவரக் கார் போகிறது என்று சொல்வதற்காம். உனக்கு எப்படித் தெரியும் என்று அவளைக் கேட்டேன்.

"அம்மா போன மாசமே சொல்லி வெச்சிருச்சுங்க. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மாமன் மூணு மணி நேரம்னு சொல்லுவான், நீ ஒம்பது மணி நேரம்னு வெச்சுக்க. மார்கழியா இருந்தா டில்லியில பனி நிக்கும், இன்னும் மூணு சேத்துக்க. அவன யாரும் வெரட்டாதீங்கன்னுச்சு."

நான் அப்போதுதான் அழுதேன். ஆக்ராவைத் தாண்டினால் பனியில் வண்டி நின்றுவிடும் என்று குப்புசாமி அண்ணன் வருஷா வருஷம் உனக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். அதைக்கூட நீ எனக்காகக் கணக்கில் சேர்த்திருக்கிறாய். ஐந்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். முக்கால் மணி நேரம்தான் தவறியிருந்தாய். அதுகூடச் சேலைக்காக நான் நின்ற நேரமாக இருக்கலாம். ஊரார் முன்னால் என் பேச்சு பொய்யாகாமல் நீ காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறாய் என்று அன்றைக்கு எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலோடு தில்லிக்குத் திரும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கருமாதி முடிந்து நான் கிளம்புகிற அன்று, நந்தினி வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் உள் அறையில் கிடக்கும் உன் கட்டில் முன் கூடத்தில் வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. சாவுக்காக நகர்த்தினீர்களா என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். இல்லை, அது புதன்கிழமையே போட்டது என்றாள். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

"உங்ககிட்டப் பேசி முடிச்சதும் கட்டல இங்க இழுத்துப் போடச் சொல்லுச்சுங்க மாமா. தலய வாரி உடச் சொல்லுச்சு. வாசக் கேட்டப் பாத்துட்டே படுத்திருந்துச்சு. அப்பறம் மணி என்னன்னு கேட்டுச்சு. ஆறேகால்னேன். சரின்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு."

ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொன்னது உன் காதில் விழவில்லையா, விழுந்தும் ஒருவேளை வந்துவிடுவான் என்று பார்த்தாயா? நந்தினிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் எனக்காகப் பன்னிரண்டு மணி நேரம் சொல்லி வைத்தவள், உனக்கு மட்டும் அந்த மூன்று மணி நேரத்தை அப்படியே நம்பிப் பார்த்திருக்கிறாய். ஒரு பார்ட்டியின் பேச்சைக்கூட நீ அப்படி நம்பியதில்லை.

இப்போது மாதம் ஒரு தடவை வருகிறேன். நந்தினி வீட்டுக்குப் போகிறேன், மச்சானோடு ஒரு நாள் இருக்கிறேன். எப்போது வருவீர்கள் என்று கேட்டால், விமானம் எத்தனை மணிக்கு என்று சொல்வதில்லை, கேட்டைத் திறக்கிற நேரத்தைச் சொல்கிறேன். குப்புசாமி அண்ணன், அக்கா சொன்ன மாதிரியே சொல்றீங்க என்று சிரிக்கிறார். ஊரில் எனக்கு நல்ல பேர்தான், அக்கா. கோடியோடு நேரத்துக்கு வந்து நின்ற தம்பி என்கிறார்கள். சனிக்கிழமை பொழுது இறங்குவதற்குள் வந்தேன், அது வாஸ்தவம். புதன்கிழமை ஆறேகாலுக்கு நான் வந்திருக்க வேண்டும்.